விற்பனையில் பருவகாலம் உண்மையில் இருக்கிறதா? தொடர்புப் போக்கு ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரைபடத்திலேயே ஏற்ற இறக்கம் தெரிகிறதே, தனியாகச் சோதனை எதற்கு?

இல்லாத ஒழுங்கையும் கண்டுபிடிப்பது கண்ணின் பழக்கம். குலுக்கிப் போட்டு எடுத்த எண்களை வரிசையாகப் புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள். அதிலும் மேடும் பள்ளமும் இருக்கும், அவற்றுக்குக் காரணம் சொல்லவும் ஒருவர் இருப்பார். மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை ஜூலை விற்பனை கூடியிருந்தால் போதும், “ஜூலை நமக்கு ராசியான மாதம்” என்ற பேச்சு அலுவலகத்தில் வேரூன்றிவிடும். கொள்முதல், ஆள் எடுப்பு, விளம்பரச் செலவு எல்லாம் பிறகு அந்தப் பேச்சின் மேல் ஏறி உட்காரும்.

சோதனை கேட்பது ஒரே கேள்விதான். பருவகால விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்போது தெரியும் அளவுக்கு வேறுபாடு வெறும் தற்செயலால் வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு? அந்த வாய்ப்பு மிகச் சிறிது என்றால்தான் பருவகாலம் என்ற பேச்சையே எடுக்க வேண்டும்.

கண் மறுபக்கமும் ஏமாறும். வேகமாக வளரும் பொருளில் உண்மையான பருவகாலமே ஏறுமுகத்துக்குள் புதைந்து கிடக்கும். வளர்ச்சியே பருவகாலம்போல வேடம் போடுவதும் உண்டு. கீழே வரும் எடுத்துக்காட்டில் இரண்டையும் பார்க்கலாம்.

பருவகாலம் என்பதற்குள் எது அடங்கும்?

ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே நேரத்தில், ஏறத்தாழ அதே அளவில் திரும்பி வருவது மட்டும். பல ஆண்டுகளாக ஒரே திசையில் நகர்வது நீண்டகாலப் போக்கு. பொருளாதார மந்தம்போல எப்போது வரும், எத்தனை காலம் நீடிக்கும் என்று தெரியாமல் வந்துபோவது சுழற்சி. மீதி ஒழுங்கற்ற அசைவு. தொடர்புப் போக்கு ஆய்வு, அதாவது ரிக்ரஷன், இவற்றை ஒரே சமன்பாட்டில் வைத்துப் பிரித்தெடுக்கப் பார்க்கிறது. திரும்பி வரும் காலம் ஓராண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாரத்தின் ஏழு நாட்களுக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் இதே முறை செல்லும்.

எத்தனை ஆண்டுத் தரவு வேண்டும்?

ஓர் ஆண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 12 மாதத்துக்கு 12 மாத விளைவு என்று வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் அச்சாகப் பொருந்திவிடும். பிழையை அளக்க எதுவும் மிஞ்சாது. மாதத் தரவில் மாறிலி (சமன்பாட்டில் மாறாமல் நிற்கும் தொடக்க எண்) ஒன்று, போக்கு ஒன்று, மாதங்களுக்கு 11 (ஏன் 12 இல்லை என்பது கீழே வரும்) என 13 எண்களை மதிப்பிடுகிறோம். இரண்டு ஆண்டு இருந்தால் 24 தரவில் 11 மிஞ்சும். கணக்கு ஓடும், விடையும் வரும். ஆனால் ஒவ்வொரு மாதத்தையும் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறோம் என்பது மாறாது. மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்த முடிவை நம்பி நான் சரக்கு வாங்கச் சொல்லமாட்டேன். ஐந்து இருந்தால் நல்லது.

“எங்களிடம் தினசரித் தரவு இருக்கிறது, ஆயிரம் வரிசைக்கு மேல்” என்று சிலர் சொல்வார்கள். ஆண்டுப் பருவகாலத்தைப் பொறுத்தவரை அதுவும் மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவான அனுபவம்தான். வரிசைகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஆண்டுகளை எண்ணுங்கள்.

டம்மி மாறி என்பது என்ன?

காலாண்டு, மாதம் போன்றவை பெயர்கள். அவற்றை நேரடியாகச் சமன்பாட்டில் பெருக்க முடியாது. ஆகவே “இது இரண்டாம் காலாண்டா?” என்ற கேள்விக்கு ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்று அட்டவணையில் ஒரு பத்தி, அதாவது நெடுவரிசை, அமைக்கிறோம். அதுதான் டம்மி மாறி. இப்படி 0, 1 போட்ட மாறிகளைத் தொடர்புப் போக்குச் சமன்பாடுகளில் கையாளும் விதத்தை டேனியல் சூட்ஸ் 1957இல் ஒரு கட்டுரையில் தெளிவாக விளக்கினார். இன்றைய மென்பொருள்கள் செய்வதும் அதையேதான்.

மாதத்தை 1 முதல் 12 வரை எண்ணாகவே ஒரே பத்தியில் போட்டுவிடும் வழக்கமும் இருக்கிறது. அப்படிச் செய்தால் டிசம்பரின் விளைவு ஜனவரியின் விளைவைப்போல 12 மடங்கு என்று சமன்பாட்டுக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஆகும். அதில் வரும் விடைக்குப் பொருளே இல்லை.

நான்கு காலாண்டுக்கு மூன்று டம்மி மட்டும் ஏன்?

மாறிலியும் இருந்து நான்கு டம்மியும் இருந்தால், நான்கின் கூட்டுத்தொகை எப்போதும் 1. அதாவது மாறிலியும் அவையும் ஒரே செய்தியை இரண்டு முறை சொல்கின்றன. ஒரே தீர்வு என்று ஒன்று கிடைக்காது. மென்பொருள் பிழை காட்டும், இல்லையென்றால் ஒரு பத்தியைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும். எந்தக் காலாண்டை விட்டீர்களோ அதுதான் அடிப்படை. மற்றவற்றின் கெழுக்கள், அதாவது சமன்பாட்டில் அவற்றைப் பெருக்கும் எண்கள், எல்லாம் அதனோடு ஒப்பிட்ட கூடுதல் அல்லது குறைவு. மாறிலியை நீக்கிவிட்டு நான்கையும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் சரியே. ஆனால் அப்போது மென்பொருள் தானாகக் காட்டும் எஃப் மதிப்பு (பல கெழுக்களை ஒருசேரச் சோதிக்கும் எண், கீழே வரும்) வேறு கேள்விக்கு விடை சொல்கிறது. மாறிலியோடு மூன்று என்பதே எனக்குப் பிடித்தது.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

கணக்கு எளிதாக வருவதற்காக அமைத்த எண்கள் இவை. ஒரு பொருளின் நான்கு ஆண்டு விற்பனை, காலாண்டு வாரியாக:

முதல் ஆண்டு: 50, 62, 81, 55
இரண்டாம் ஆண்டு: 57, 68, 88, 67
மூன்றாம் ஆண்டு: 63, 78, 98, 73
நான்காம் ஆண்டு: 74, 84, 105, 81

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்வோம். காலாண்டுச் சராசரிகள் 61, 73, 93, 69. மூன்றாம் காலாண்டு உச்சம். நான்காம் காலாண்டு முதலாம் காலாண்டைவிட 8 அதிகம். கூட்டத்தில் இதைக் காட்டினால் “ஆண்டின் தொடக்கம் நமக்கு மந்தம், இறுதி பரவாயில்லை” என்று பேசிக்கொள்வார்கள்.

இப்போது சமன்பாட்டை அமைப்போம். காலம் என்ற பத்தியில் 1 முதல் 16 வரை வரிசை எண்கள். முதல் காலாண்டு அடிப்படை. கா2, கா3, கா4 ஆகியவை டம்மிகள். பிழைகளின் வர்க்கக் கூட்டு மிகக் குறைவாக வரும்படி பொருத்தும் மீச்சிறு வர்க்க முறையில் கிடைக்கும் விடை:

விற்பனை = 47 + 2 × காலம் + 10 × கா2 + 28 × கா3 + 2 × கா4

காலாண்டுக்கு 2 அலகு என்பது வளர்ச்சி. அந்த வளர்ச்சியைக் கழித்த பிறகு மூன்றாம் காலாண்டு முதலாவதைவிட 28 அதிகம், இரண்டாவது 10 அதிகம். நான்காவது 2 மட்டுமே அதிகம். சராசரியில் தெரிந்த 8 எங்கே போனது? அதில் 6 வளர்ச்சியின் பங்கு. ஒவ்வோர் ஆண்டிலும் நான்காம் காலாண்டு முதலாவதற்கு மூன்று காலாண்டு கழித்து வருகிறது. மூன்று முறை 2 கூடினால் 6. மீதி 2 தான் பருவகாலம் என்று சொல்லத் தகுந்தது, அதுவும் இருந்தால்.

அந்த 2க்குத் திட்டப் பிழை, அதாவது தற்செயலால் அது எவ்வளவு அசையக்கூடும் என்ற அளவு, சுமார் 0.98. வகுத்தால் டி மதிப்பு 2.04. 16 தரவில் 5 கெழுக்களை மதிப்பிட்டதால் மிச்சம் 11. அதற்கு 5 விழுக்காட்டு மட்டத்தில் (விளைவே இல்லாதபோது தற்செயலாகத் தாண்ட 5 விழுக்காடு வாய்ப்பு மட்டுமே உள்ள அளவில்) தேவையான எல்லை 2.20. எட்டவில்லை. ஆக, நான்காம் காலாண்டு முதலாவதிலிருந்து வேறுபட்டது என்று சொல்ல இந்தத் தரவில் போதிய ஆதாரம் இல்லை. கூட்டத்தில் பேசிய “இறுதி பரவாயில்லை” என்பதில் பெரும்பகுதி வளர்ச்சியின் நிழல்.

அப்படியானால் பருவகாலம் இல்லையா? எஃப் சோதனை எங்கே வருகிறது?

இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. ஒரு டம்மியின் டி மதிப்பைப் பார்த்துப் பருவகாலத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதற்குத்தான் இந்த எண்களையே எடுத்தேன்.

சோதிக்க வேண்டிய இன்மை எடுகோள், அதாவது விளைவே இல்லை என்ற தொடக்க அனுமானம்: மூன்று டம்மிகளின் கெழுக்களும் ஒருசேரப் பூச்சியம். இதற்கு இரண்டு சமன்பாடுகளை ஒப்பிட வேண்டும். போக்கு மட்டும் உள்ள சமன்பாட்டில் எச்சங்களின் (உண்மை விற்பனைக்கும் சமன்பாடு தரும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகளின்) வர்க்கக் கூட்டு 1965.2. டம்மிகளையும் சேர்த்தால் அது 20 ஆகச் சுருங்குகிறது. குறைந்த 1945.2ஐ 3 டம்மிகளால் வகுக்க வேண்டும். மிச்சமிருக்கும் 20ஐ 11ஆல் வகுக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் எஃப் மதிப்பு சுமார் 357. 5 விழுக்காட்டு மட்டத்தின் எல்லை 3.59. சந்தேகத்துக்கு இடமே இல்லை. (நிஜத் தரவில் இவ்வளவு பெரிய எண் வந்தால், மகிழ்வதற்கு முன் கோப்பில் ஏதாவது பத்தி தவறாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன்.)

எஃப் சோதனைக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. எந்தக் காலாண்டை அடிப்படையாக வைத்தாலும் அதன் மதிப்பு மாறாது. டி மதிப்புகளோ அடிப்படை மாறினால் மாறும். மேலே மூன்றாம் காலாண்டை அடிப்படையாக்கினால் மூன்று டம்மிகளும் எல்லையைத் தாண்டிவிடும். தரவு அதேதான், கேள்விதான் மாறியது.

மாதத் தரவில் இந்தத் தவறு இன்னும் விபரீதமாகும். 11 டம்மிகளின் பி மதிப்பை (தற்செயலால் இவ்வளவு வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்ணை) ஒவ்வொன்றாகப் பார்த்து, 0.05க்குக் கீழே ஒன்று அகப்பட்டால் “பருவகாலம் இருக்கிறது” என்று அறிவிக்கிறார்கள். உண்மையில் ஒரு விளைவும் இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத 11 சோதனைகளில் ஒன்றாவது தற்செயலாக எல்லையைத் தாண்ட ஏறத்தாழ 43 விழுக்காடு வாய்ப்பு உண்டு. முதலில் எஃப். அது தாண்டினால் மட்டுமே எந்த மாதம் என்ற விசாரணை.

போக்கைச் சேர்க்காமல் டம்மிகளை மட்டும் வைத்தால் என்ன ஆகும்?

அதே 16 எண்களில் போக்கை நீக்கிப் பாருங்கள். எச்ச வர்க்கக் கூட்டு 20லிருந்து 1300 ஆகப் பெருகும். எஃப் 357லிருந்து 6.8க்கு விழும். வளர்ச்சி முழுவதும் “இரைச்சல்” என்ற கணக்கில் போய்ச் சேர்ந்ததே காரணம். இங்கே எல்லை 3.49 என்பதால் பருவகாலம் எப்படியோ தப்பிப் பிழைத்தது. விளைவு கொஞ்சம் சிறியதாக இருந்திருந்தால் “பருவகாலம் இல்லை” என்ற தவறான தீர்ப்பு வந்திருக்கும்.

போக்கு நேர்கோடாகவே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். புதிய பொருள் முதலில் வேகமாக ஏறி, பிறகு தேங்கும். எச்சங்களைக் காலத்துக்கு எதிராக வரைந்து பார்த்து, வில்போல வளைந்திருந்தால் காலத்தின் வர்க்கத்தையும் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

விற்பனையை அப்படியே எடுப்பதா, மடக்கை (லாக்) எடுப்பதா?

விற்பனை வளர வளரப் பருவகால ஏற்ற இறக்கமும் பெருத்துக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். காலத்தொடர்ப் பாடங்களில் எல்லோரும் சந்திக்கும் பன்னாட்டு விமானப் பயணிகள் தரவு இதற்கு நல்ல சான்று. 1949 முதல் 1960 வரையிலான மாத எண்ணிக்கை, ஆயிரங்களில். 1949இல் குறைந்த மாதம் 104, உயர்ந்த மாதம் 148, இடைவெளி 44. 1960இல் 390, 622; இடைவெளி 232. இடைவெளி ஐந்து மடங்குக்கு மேல் விரிந்துவிட்டது. விகிதமாகப் பார்த்தாலோ 1.42 என்பது 1.59 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இத்தகைய தரவில் “ஜூலையில் இத்தனை அலகு கூடுதல்” என்று சொல்வதைவிட “இத்தனை விழுக்காடு கூடுதல்” என்பதே பொருந்தும். விற்பனையின் இயல் மடக்கையை எடுத்து அதன்மேல் சமன்பாட்டை ஓட்டினால் அது கிடைக்கும்.

கெழுவைப் படிக்கும்போது கவனம். 0.25 என்று வந்தால் 25 விழுக்காடு என்று எழுதிவிடாதீர்கள். மடக்கையைத் திருப்பினால் அது 28.4 விழுக்காடு கூடுதல். −0.25 என்றால் 22.1 விழுக்காடு குறைவு. 0.05 போன்ற சிறிய கெழுக்களில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. பூச்சியம் விற்பனையான மாதங்கள் இருந்தால் மடக்கையே எடுக்க முடியாது. எண்ணிக்கைத் தரவுக்கான பாய்சான் வகைச் சமன்பாட்டுக்குப் போவது மேல்.

பிப்ரவரி எப்போதும் குறைவாக வருகிறது. அது பருவகாலமா?

நாட்காட்டியாக இருக்கலாம். லீப் ஆண்டு தவிர, மார்ச்சில் பிப்ரவரியைவிட மூன்று நாட்கள் கூடுதல். அன்றாடம் ஒரே அளவு விற்றால்கூட மார்ச் 10.7 விழுக்காடு அதிகமாகத் தெரியும். எஃப் சோதனை இதையும் பருவகாலம் என்றே பிடிக்கும், அது தவறுமில்லை. ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வருகிறதே. ஆனால் வாடிக்கையாளர் மனம் மாறியதாக அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் வம்பு. மாத மொத்தத்தை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து, நாள் சராசரியில் ஆய்வு செய்யுங்கள். வார இறுதியில்தான் விற்பனை அதிகம் என்றால், அந்த மாதத்தில் எத்தனை சனி, ஞாயிறு வந்தன என்பதையும் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும்.

சந்திர நாட்காட்டியைப் பின்பற்றும் விழாக்கள் இன்னொரு தொல்லை. சந்திர ஆண்டு சுமார் 354 நாள் என்பதால், சூரிய ஆண்டோடு ஒட்டவைக்கப்படாத நாட்காட்டியில் விழா ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். மாத டம்மி இதைப் பிடிக்காது. விழா விழுந்த மாதத்துக்குத் தனி டம்மி போட வேண்டும்.

எச்சங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

இதை விட்டுவிடுபவர்களே அதிகம், ஆனால் முடிவு கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். எஃப், டி சோதனைகள் எச்சங்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. விற்பனை அப்படி நடந்துகொள்வது அரிது. இந்த மாதம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தால் அடுத்த மாதமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இந்தத் தன்னொட்டுறவு நேர்மறையாக இருக்கும்போது திட்டப் பிழைகள் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரிவதே வழக்கம். பி மதிப்புகள் தகுதிக்கு மீறி அழகாக வரும்.

பழைய சோதனை, டர்பினும் வாட்சனும் 1950, 1951ஆம் ஆண்டுகளில் தந்தது. மதிப்பு 2க்கு அருகில் இருந்தால் கவலை இல்லை. 0 பக்கம் சாய்ந்தால் நேர்மறை, 4 பக்கம் சாய்ந்தால் எதிர்மறை. நம் எடுத்துக்காட்டில் 2.55 வருகிறது. 16 தரவுக்கும் நான்கு விளக்க மாறிகளுக்கும் உரிய அட்டவணைப்படி அது “முடிவு சொல்ல முடியாது” என்ற பகுதியில் விழுகிறது. சிறிய தரவின் தலைவிதி அது.

இந்தச் சோதனை அடுத்தடுத்த காலங்களை மட்டுமே ஒப்பிடும். பருவகாலத் தரவில் பார்க்க வேண்டியது, சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு எச்சம் ஒட்டுகிறதா என்பது. அதற்காகவே காலாண்டுத் தரவுக்கு நான்கு காலம் தள்ளி ஒப்பிடும் சோதனையை கென்னத் வாலிஸ் 1972இல் அமைத்தார். 1978இல் வந்த பிரூஷ்–காட்ஃப்ரே சோதனையில் எத்தனை காலம் பின்னோக்கிப் பார்ப்பது என்பதை நீங்களே தரலாம். மாதத் தரவில் 12 என்று தருவேன். தன்னொட்டுறவு இருப்பது உறுதியானால் நியூவியும் வெஸ்டும் 1987இல் தந்த திருத்திய திட்டப் பிழைகளைப் பயன்படுத்தி எஃப் சோதனையை மீண்டும் செய்யுங்கள். அதற்குப் பிறகும் தாண்டினால் நம்பலாம்.

தள்ளுபடி, விலை மாற்றம் எல்லாம் நடந்திருக்கிறது. என்ன செய்வது?

அவற்றையும் சமன்பாட்டில் சேருங்கள். விலை ஒரு பத்தி, தள்ளுபடி நடந்த காலத்துக்கு ஒரு டம்மி. இல்லையென்றால் அந்த விளைவெல்லாம் மாதத்தின் தலையில் ஏறும்.

ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் மட்டுமே தள்ளுபடி நடந்திருந்தால் எந்தக் கணக்காலும் இரண்டையும் பிரிக்க முடியாது. நவம்பரில் மக்கள் தாமாக வாங்கினார்களா, தள்ளுபடிக்காக வாங்கினார்களா என்ற கேள்விக்கு அந்தத் தரவில் விடையே இல்லை. ஓர் ஆண்டு தள்ளுபடியை வேறு மாதத்துக்கு நகர்த்திப் பார்க்க நிர்வாகம் இணங்கினால்தான் தெரியும். இணங்குவது அபூர்வம்.

சரக்கு தீர்ந்துபோன காலங்களையும் குறித்துவையுங்கள். விற்பனை என்பது விற்ற அளவு, கேட்ட அளவு இல்லை. உச்ச மாதத்தில் சரக்குத் தட்டுப்பாடு வந்தால் உச்சம் மொட்டையாகி, பருவகாலம் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். அதை நம்பி அடுத்த ஆண்டும் குறைவாகவே வாங்கினால் அதே தட்டுப்பாடு மீண்டும் வரும்.

முதலில் பருவகாலத்தைக் கழித்துவிட்டுப் பிறகு விலையின் விளைவைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் விற்பனையிலிருந்து மட்டும் கழித்தால் விடை பிசகும். விலையிலிருந்தும் அதே டம்மிகளைக் கொண்டு கழிக்க வேண்டும். அப்படி இரண்டு பக்கமும் கழித்துச் செய்தாலும், டம்மிகளோடு ஒரே சமன்பாட்டில் வைத்துச் செய்தாலும் விலையின் கெழு ஒன்றேதான். போக்கைப் பற்றி இதை ஃபிரிஷும் வாவும் 1933இல் காட்டினார்கள்; பருவகாலத்துக்கு மைக்கேல் லவல் 1963இல் விரித்துச் சொன்னார். விடை ஒன்றுதான் என்னும்போது ஒரே சமன்பாடு மேல். இரண்டு படியாகச் செய்தால், டம்மிகளுக்குச் செலவான தரவு எண்ணிக்கை இரண்டாம் படியில் மென்பொருளுக்குத் தெரியாது; திட்டப் பிழையைக் குறைத்துக் காட்டும்.

வாரத் தரவுக்கு 51 டம்மி போட வேண்டுமா?

வேண்டாம். சைன், கோசைன் அலைகளைப் பத்திகளாகச் சேர்க்கலாம்: ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் ஒரு ஜோடி, இரண்டு முறை ஏறி இறங்கும் இன்னொரு ஜோடி. பெரும்பாலும் இரண்டு மூன்று ஜோடிகளே போதும். 51 கெழுக்களுக்குப் பதில் நான்கு அல்லது ஆறு. ஒரு ஜோடியை எப்போதும் சேர்த்தே எஃப் சோதனைக்கு உட்படுத்துங்கள். சைன் மட்டும் தாண்டவில்லை என்று அதை மட்டும் தூக்கினால், உச்சம் எந்த வாரத்தில் விழ வேண்டும் என்பதைத் தரவைக் கேட்காமல் நீங்களே முடிவுசெய்ததாகும். மெதுவாக ஏறி இறங்கும் வடிவத்துக்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். ஒரே வாரத்தில் ஊசிபோல எழும் உச்சத்துக்கு டம்மிதான் சரி.

பருவகால வடிவமே மாறிக்கொண்டு வருகிறதா என்று எப்படி அறிவது?

டம்மிகளைக் காலத்தால் பெருக்கிப் புதிய பத்திகளாகச் சேர்த்து, அவற்றுக்கு மட்டும் எஃப் சோதனை செய்வது எளிய வழி. தாண்டினால் உச்சம் வளர்கிறது அல்லது தேய்கிறது. குறிப்பிட்ட ஒரு தேதிக்கு முன்னும் பின்னும் வேறுபடுகிறதா என்பதே சந்தேகம் என்றால், 1960இல் வந்த சௌ சோதனை போதும். பெருந்தொற்றால் 2020இல் பல பொருள்களின் மாத வரிசை குலைந்துபோனது. அந்த மாதங்களுக்குத் தனி டம்மி வைக்காமல் செய்த ஆய்வில் மார்ச், ஏப்ரல் கெழுக்களைப் படித்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

எக்செல் போதுமா?

காலாண்டுத் தரவுக்குத் தாராளமாகப் போதும். அதன் தரவுப் பகுப்பாய்வுக் கருவி 16 விளக்க மாறிகள்வரை ஏற்கும். 11 மாத டம்மி, போக்கு, விலை, தள்ளுபடி எல்லாம் அடங்கிவிடும். எஃப் ஒப்பீட்டை மட்டும் இரண்டு முறை ஓட்டி, எச்ச வர்க்கக் கூட்டுகளைக் கையால் கழித்து வகுக்க வேண்டும். கவனம்: கருவி தானாகக் காட்டும் எஃப், போக்கையும் சேர்த்து எல்லா மாறிகளுக்குமானது, அது பருவகாலச் சோதனை இல்லை. திருத்திய திட்டப் பிழைகள் வேண்டுமென்றால் ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழிக்குப் போவது நல்லது.

சோதனை தாண்டவில்லை என்றால் பருவகாலம் இல்லை என்று எழுதலாமா?

இல்லை என்று எழுதாதீர்கள். இந்தத் தரவில் தெரியவில்லை என்று எழுதுங்கள். கெழுக்களின் நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளை, கூடவே தாருங்கள். ஒரு மாதத்தின் விளைவு −2க்கும் +3க்கும் இடையில் என்றால் உண்மையிலேயே சிறியது. −30க்கும் +40க்கும் இடையில் என்றால் நமக்கு எதுவும் தெரியாது என்று பொருள். இரண்டுக்கும் பி மதிப்பு ஏறத்தாழ ஒன்றுபோலவே வரலாம்.

நேர்மாறும் உண்டு. இருபது ஆண்டுத் தரவு இருந்தால் அரை விழுக்காட்டு வேறுபாடுகூட எல்லையைத் தாண்டிவிடும். அதற்காகக் கிடங்கைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

பருவகாலம் உறுதி என்றான பிறகு அடுத்து என்ன?

கடைசி ஓராண்டை மறைத்துவைத்து, மீதித் தரவில் சமன்பாட்டை அமைத்து, மறைத்த ஆண்டை முன்கணித்துப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் முதல் மூன்று ஆண்டை மட்டும் வைத்துச் செய்தால் நான்காம் ஆண்டுக்கு 72.7, 85.3, 105, 81 என்று வருகிறது. நடந்தது 74, 84, 105, 81. சராசரிப் பிழை 0.7 அலகு. “சென்ற ஆண்டு அதே காலாண்டில் விற்றது” என்று மட்டும் கணித்திருந்தால் சராசரிப் பிழை 8. அதோடு ஆண்டு வளர்ச்சியான 8ஐக் கூட்டிக் கணித்திருந்தால் 1.5. நிஜத் தரவில் இந்தக் கடைசி இரண்டும் பல சமயம் சமன்பாட்டுக்கு மிக அருகில் வரும், சில சமயம் முந்தவும் செய்யும். அப்படி முந்தினால், சரக்கு வாங்குவதற்கு எளிய கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். சமன்பாடு விலை, தள்ளுபடி பற்றிய கேள்விகளுக்கு இருக்கட்டும்.